ராட்சத செக்கோயா மரங்களிடையே முதல் நடை: ஜயண்ட் ஃபாரஸ்ட்டில் எங்கிருந்து தொடங்குவது?

ராட்சத செக்கோயா மரங்கள் இயற்கையாக வளருமிடம் உலகில் ஒன்றே ஒன்றுதான். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்திற்கு அவை தனித்தனித் தோப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர், அருகிலுள்ள மியூர் வுட்ஸ் காட்டுக்குச் சென்றுவிட்டு, செக்கோயாவைப் பார்த்துவிட்டதாகவே எண்ணித் திரும்புகிறார்கள். அங்கு நிற்பவை கடலோர ரெட்வுட் மரங்கள். உயரத்தில் அவை செக்கோயாவை விஞ்சும், பருமனில் அதற்கு ஈடாகா. செக்கோயாவைக் காண மலையேறித்தான் ஆக வேண்டும். முதன்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது செக்கோயா தேசியப் பூங்காவிலுள்ள ஜயண்ட் ஃபாரஸ்ட் தோப்பு.

பூங்காவுக்கு வருவோரில் பெரும்பாலோர் முதலில் தேடிச் செல்வது ஜெனரல் ஷெர்மன் என்னும் புகழ்பெற்ற மரத்தை. அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. ஷெர்மன் மரத்தடியில் நிற்கும்போது அதன் முழு உருவமும் கண்ணுக்குள் அடங்குவதில்லை. அதற்கான பாதையில் திரும்பி வரும்போது ஏற்றமும் உண்டு. மாறாக, ரவுண்ட் மெடோ என்ற புல்வெளியைச் சுற்றிச் செல்லும் பிக் ட்ரீஸ் நடைபாதை சமதளமானது. சுற்றளவு சுமார் 1.2 கிலோமீட்டர்தான். அங்கே, வெட்டவெளிக்கு மறுபுறம் நின்று, ஒரு செக்கோயாவை அடியிலிருந்து நுனிவரை ஒரே பார்வையில் காணலாம். இந்த மரங்களின் அளவை மனம் வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தோப்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே புதியவர்களுக்கு ஏற்றவை. குளிர்காலத்தில் பாதைகளைப் பனி மூடிவிடும். வாகனங்களுக்குச் சக்கரச் சங்கிலி கட்டாயமாகும் நாட்களும் உண்டு. கோடையிலும், அடிவாரம் அனலாய்க் கொதிக்கும் நாளில் மேலே காலை நேரத்தில் குளிரும் என்பதால், ஒரு மேலாடையைக் கையோடு வைத்திருக்க வேண்டும். த்ரீ ரிவர்ஸ் ஊரைக் கடந்து ஜெனரல்ஸ் நெடுஞ்சாலை வழியாக ஏறும் பயணம் நுழைவாயிலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். இடையிடையே கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வயிறு புரட்டும் இயல்புள்ளவர்கள் வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறாமல் இருப்பது நலம். பூங்காவுக்குள் எரிபொருள் கிடைக்காது; கைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. ஆகவே, கீழேயே வண்டியில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணமும் சாலை நிலவரமும் மாறக்கூடியவை. புறப்படும் நாளன்று தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது போதுமானது.

காலை ஒன்பது மணிக்குள் ஜயண்ட் ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தை அடைந்துவிட்டால் வண்டி நிறுத்த இடம் எளிதில் கிடைக்கும். பிக் ட்ரீஸ் நடைபாதைக்கு அங்கிருந்தே வழி தொடங்குகிறது. ஒரு காலத்தில் இந்தத் தோப்புக்குள் விடுதிகள், கடைகள், கூடாரத் திடல்கள் என்று ஒரு சிற்றூரே இருந்தது. அருங்காட்சியகமும் 1928இல் கட்டப்பட்ட ஓர் அங்காடிக் கட்டடமே. மரங்களின் நலன் கருதி, 1990களின் இறுதியில் 280க்கும் மேற்பட்ட கட்டடங்களை அங்கிருந்து அகற்றினார்கள். இவ்வளவு பெரிய மரத்தைத் தாங்கும் வேர்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே செல்வதில்லை. அவை மேல்மண்ணிலேயே 30 மீட்டருக்கும் அப்பால் படர்கின்றன. மண் இறுகினால் அவற்றுக்கு நீரும் காற்றும் குறையும். பாதையோரத் தடுப்புகளைத் தாண்டி மரத்தைத் தழுவிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

புல்வெளியை அடைந்ததும் உடனே நடக்கத் தொடங்காமல், எதிர்க்கரையிலுள்ள மரங்களைச் சற்று நேரம் பாருங்கள். புல்வெளியின் நடுவில் செக்கோயா எதுவும் இராது. அங்கு மண் எப்போதும் நீரில் ஊறியிருப்பதால் வேர்கள் மூச்சுவிட முடியாது. ஆனால் ஓரங்களில் தேவையான அளவு ஈரம் கிடைப்பதால், மரங்கள் அங்கே செழித்து நிற்கின்றன. இளமரங்களுக்குக் கூர்மையான கோபுர உச்சி இருக்கும். முதிர்ந்தவற்றின் உச்சி உருண்டு, சிலவற்றில் நுனி பட்டும் போயிருக்கும். அடிமரத்தைத் தீ ஆழமாகக் காயப்படுத்தும்போது நீர் மேலேறுவது தடைபடுவது இதற்கு ஒரு காரணம். துணைக்கு வந்தவர் ஒருவரை எதிர்க்கரைப் பாதையில் நிற்கச் சொல்லிப் படமெடுத்தால், அளவு தெளிவாகப் புலப்படும்.

பாதை மரங்களை ஒட்டிச் செல்லுமிடங்களில் பட்டையைக் கவனியுங்கள். தேங்காய் மட்டையின் நாரைப் போல இழையிழையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்தப் பட்டை, பெரிய மரங்களின் அடிப்பகுதியில் 60 சென்டிமீட்டர் வரை தடித்திருப்பதுண்டு. அதில் எளிதில் தீப்பற்றும் பிசின் மிகக் குறைவு. அடிமரங்களில் தெரியும் கருமையான குகை போன்ற பிளவுகள் பழைய தீக்களின் தழும்புகள். இத்தனை தீக்குப் பின்னும் மரம் உயிரோடிருப்பதோடு, அதன் சந்ததிக்கும் தீ தேவைப்படுகிறது. செக்கோயாவின் கூம்புகள் சிறியவை, 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளமே. பச்சையாக மூடியபடியே கிளையில் 20 ஆண்டுகள்கூட இருக்கும். தீயின் வெப்பம் மேலெழுந்து கூம்புகளை உலர்த்தும்போது அவை விரிந்து விதைகளைச் சொரிகின்றன. கீழே தழைக்குப்பை எரிந்து வெறுமையான மண்ணில் அந்த விதைகள் முளைக்கின்றன. நிலத்தில் கிடக்கும் நீளமான பெரிய கூம்புகளைச் செக்கோயாவுடையவை என்று எண்ணிவிட வேண்டாம். அவை சர்க்கரைப் பைன் மரத்தினுடையவை. எந்தக் கூம்பையும் எடுத்துச் செல்ல அனுமதியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறாண்டு காலம் எல்லாத் தீயையும் அணைத்துவந்ததால் காட்டுத்தரையில் எளிதில் தீப்பற்றும் காய்ந்த தழையும் விறகும் குவிந்தன. வெப்பமும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தீக்கள் பல்லாயிரம் பெரிய செக்கோயாக்களைக் கொன்றன. 2021 செப்டம்பரில் ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியைத் தீத்தடுப்புத் தகடுகளால் போர்த்திக் காத்தனர். எனவே, ஆகஸ்ட், செப்டம்பரில் செல்பவர்கள் தீ நிலவரத்தையும் புகை மூட்டத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நடை முடிந்து, கால்களில் தெம்பு மிச்சமிருந்தால் ஷெர்மன் மரத்துக்குச் செல்லலாம். கோடையில் பூங்காவின் இலவசப் பேருந்து ஓடுவதால் வண்டியை மீண்டும் எடுக்கத் தேவையில்லை. வுல்வர்டன் சாலையருகிலுள்ள நிறுத்துமிடத்திலிருந்து மரம்வரை சுமார் 800 மீட்டர் இறக்கம், இடையில் படிகள். இறங்குவது எளிது, அதே வழியில் ஏறும்போது, உயரம் பழகாதவர்களுக்கு மூச்சு வாங்கும். அவசரப்படாமல், அமர்ந்து அமர்ந்து ஏறுங்கள். படியேற முடியாதவர்களுக்காக மரத்தின் அருகிலேயே வேறொரு நிறுத்தமும் உண்டு. 83.8 மீட்டர் உயரமும், தரைமட்டத்தில் 31 மீட்டருக்கு மேல் சுற்றளவும் கொண்ட இந்த மரம் உலகில் மிக உயரமானதும் அன்று, மிக முதியதும் அன்று. ஏறத்தாழ 1,487 கன மீட்டர் அடிமரக் கன அளவால்தான் அது முதலிடம் பெறுகிறது. அமெரிக்கப் படைத்தளபதியின் பெயர் தாங்கிய இதற்கு, 1880களில் அருகே குடியேறியிருந்த கவியா பொதுவுடைமைக் குழுவினர் கார்ல் மார்க்ஸ் மரம் என்று பெயரிட்டிருந்தார்கள். 1890இல் பூங்கா அமைந்த பிறகு தளபதியின் பெயரே நிலைத்தது.

இன்னும் நடக்க விரும்புவோருக்கு அங்கிருந்தே தொடங்கும் காங்கிரஸ் நடைபாதை சுமார் 3 கிலோமீட்டர் சுற்று, கூட்டம் குறைவு. பலத்த காற்று வீசும் நாளில் இதைத் தவிர்க்கலாம். 2006இல் ஷெர்மன் மரத்தின் பெரிய கிளையொன்றே முறிந்து விழுந்திருக்கிறது. மோரோ ராக் பாறையின் 350க்கும் மேற்பட்ட படிகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுசெல்பவர்கள் மிச்ச உணவை வண்டிக்குள் விட்டுச் செல்லக் கூடாது. கருங்கரடிகள் மோப்பம் பிடித்துக் கதவையே பிளந்துவிடும். பற்பசை, சோப்பு உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் நிறுத்துமிடங்களிலுள்ள இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டுங்கள். வளர்ப்பு நாய்களுக்கு நடைபாதைகளில் அனுமதியில்லை. மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் வண்டியைக் குறைந்த கியரில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அடிவாரத்தை எட்டுமுன்பே பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கக்கூடும்.