தப்த குண்டத்தில் இறங்குமுன்: யாத்திரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

பத்ரிநாத்துக்கு நம்மூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. திவ்யதேசம் என்று வருகிறவர்கள் பாதி, "மூட்டுவலிக்கு அந்தத் தண்ணி நல்லதாமே" என்று வருகிறவர்கள் பாதி. அங்கே தப்த குண்டம் என்கிற வெந்நீர்க் குளத்தைக் கண்டதும் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடும். நான் முதல்முறை போனபோது செய்த கூத்தையெல்லாம் இப்போது வரிசையாக இவர்கள் செய்கிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், செருப்பைப் பத்திரமாக வை என்பதை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை விடுகிறேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார்"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

குளம் கோயிலுக்குக் கீழே, அலக்நந்தா கரையில் இருக்கிறது. வெளியே பல் கிட்டுகிற குளிர்; தண்ணீரோ சுமார் 45 டிகிரி. வெந்நீர்த் தொட்டிகளுக்கு அமெரிக்காவில் சொல்லும் உச்ச வரம்பே 40 டிகிரிதான். காலை வைத்ததும் "ஐயோ" என்று இழுத்துக்கொள்கிற அதே ஆள், கொஞ்ச நேரத்தில் கழுத்துவரை இறங்கிக் கண்ணை மூடிவிடுவார். வெளியே வரச் சொன்னால், "வெயில்ல வளர்ந்த உடம்பு தம்பி, இந்தச் சூடு என்ன பண்ணும்?" என்பார்.

என்ன பண்ணும் என்று சொல்கிறேன். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது. வியர்வை ஊற்றினாலும் தண்ணீருக்குள் இருப்பதால் தெரியாது. திடீரென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குப் போதாமல் கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். போதாக்குறைக்கு ஊர் இருப்பது சுமார் 3,100 மீட்டர் உயரத்தில். மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று வெறும் வயிற்றோடு வேறு வருவார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். நடையில் என்னையே முந்துகிறவர். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் அந்த "அஞ்சு நிமிஷம்" முடியவில்லை. பிறகு சட்டென்று எழுந்தார், இரண்டு படி ஏறினார், மூன்றாவது படியில் அப்படியே சரிந்தார். கையிலிருந்த பித்தளைச் சொம்பை விடவே இல்லை. அதனால் ஊன்ற முடியாமல் மணிக்கட்டு முறிந்தது. பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு விஷயம் போகவே நேரமாயிற்று. பெருமாளைச் சேவிக்காமலேயே இருவரும் ஜோஷிமட்டுக்கு இறங்கினார்கள். இவ்வளவு தூரம் வந்து!

அதனால் இப்போது என் குழுவில் சட்டம் இதுதான். மலையேறி வந்த அன்றைக்கே குளியல் கிடையாது. ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும். ஒரு டீ, நாலு பிஸ்கட் உள்ளே போகாமல் யாரும் இறங்கக் கூடாது. முதலில் சொம்பால் காலுக்கு, இடுப்புக்கு, தோளுக்கு என்று மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். இறங்கினால் மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. ஏறுமுன் இடுப்பளவு தண்ணீர் இருக்கிற படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் நிறுத்துகிற புத்திசாலித்தனமும் வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. காலில் மரமரப்பு இருந்தால் சூடு உறைக்காது, தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். கையால் பார்த்துவிட்டு இறங்குங்கள். இன்சுலின் போட்ட உடனே இறங்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறி, சர்க்கரை தடாலென்று இறங்கும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

தலை முழுகுவது

மூன்று முழுக்குப் போட்டால்தான் புண்ணியம் என்று அடம்பிடிப்பார்கள். கேரளத்தில் 2024-இல் பேசப்பட்ட மூளைக்காய்ச்சல் அமீபா நினைவிருக்கிறதா? அது வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, 46 டிகிரி வரை தாங்கும், மூக்கு வழியாகத்தான் ஏறும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மூக்கைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண்

கந்தகத் தண்ணீரில் கறுத்துப்போகும். ஊருக்கு வந்து விபூதி போட்டுத் தேய்க்கிற வேலைதான் மிஞ்சும்.

சோப்பு

வேண்டாம்.

வெந்நீர் என்றாலே குளிக்கலாம் என்று நினைப்பது

யமுனோத்ரி சூர்ய குண்டத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரி. அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே விட்டால் வெந்து வருகிறது, அதுதான் பிரசாதம். இமாசலப் பிரதேசத்து மணிகரண் குருத்வாராவில் லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும் ஊற்றின் கொதியிலேயே வேகின்றன. இரண்டு இடத்திலும் குளிக்க வேறு தொட்டிகள் உண்டு. "எவ்வளவு சுடுதுன்னு பார்ப்போம்" என்று விரலை நீட்டுகிறவர் குழுவுக்கு ஒருவராவது தேறுவார். அவர் மேல் ஒரு கண் வையுங்கள்.

கௌரிகுண்டில் பழைய குளத்தைத் தேடுவது

கேதார்நாத் போகும் வழியில் இருந்த அந்த வெந்நீர்க் குளத்தை 2013 ஜூன் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

ஈரத்துணியோடு தரிசன வரிசையில் நிற்பது

குளித்த சூடு உடம்பில் இருக்கும்வரை குளிர் தெரியாது. அந்தத் தைரியத்தில் ஈரவேட்டியோடு வரிசையில் போய் நிற்பார்கள். வரிசை நகராது, காற்று மட்டும் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் உதறல் எடுக்கும். மாற்றுத்துணி, சால்வை, குல்லா மூன்றையும் ஒரே பையில் வைத்து, குளிக்காத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். லாட்ஜ் அறையிலேயே பையை விட்டுவிட்டு, "எடுத்துட்டு வாங்களேன் தம்பி" என்று என்னை அனுப்பாதீர்கள்.