இதயத்தின் அமைப்பு: படிக்கும்போதும் வரையும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத்தை வரையச் சொன்னால் முதலில் மாறிப்போவது வலதும் இடதும்தான். பாடநூல் படத்தில் இருப்பது நமக்கு எதிரே நிற்கும் ஒருவருடைய இதயம். அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். ஆகவே வலது ஆரிக்கிளும் (மேலறை) வலது வெண்ட்ரிக்கிளும் (கீழறை) தாளின் இடது பாதியில் வர வேண்டும். வரையத் தொடங்கும் முன்பே தாளின் இரு ஓரங்களிலும் பென்சிலால் 'வ', 'இ' என்று குறித்துக்கொண்டு, பெயரிட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள்.

இதயம் இடது மார்பில் இருக்கிறது என்பதும் முழுச் சரியில்லை. நடு மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் இடையில் அது இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் சாய்ந்திருக்கும். நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியில் கையை மார்பின் நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான். இதயம் சற்றுத் திரும்பியும் இருக்கிறது. முன்பக்கத்தில் பெரும்பகுதி வலது வெண்ட்ரிக்கிள். இடது ஆரிக்கிளோ பின்னால், உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறது. தட்டையான படம் இதைக் காட்டாது.

தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், சிரை என்றால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரல் தமனியில் தடுக்கி விழுவார்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அவ்வளவே வரையறை. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தையே சுமக்கிறது. படத்தில் நீலம் பூசுவது அடையாளத்துக்காக மட்டும். அந்த ரத்தமும் அடர் சிவப்புதான்.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று கேட்டால், 'உடல் முழுவதற்கும் அனுப்புவதால் அது அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது' என்று எழுதுகிறார்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு ஒரு துடிப்பில் வலதும் இடதும் தள்ளுவது ஒரே அளவு, சுமார் 70 மி.லி. அளவு தொடர்ந்து வேறுபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும் ரத்தம்தான் இடப்பக்கத்துக்கு வருகிறது. இடப்பக்கம் குறைவாகத் தள்ளினால் அது நுரையீரலில் தேங்கும். இடது வெண்ட்ரிக்கிள் பலவீனமானவர்களுக்கு மூச்சுத்திணறல் வருவதற்குக் காரணம் இதுவே. வித்தியாசம் அளவில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. இடது வெண்ட்ரிக்கிள் சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தை எழுப்ப வேண்டும். வலதுக்கு 25 போதும். அதற்கேற்ப இடதின் சுவர் ஏறக்குறைய 10 மி.மீ., வலதின் சுவர் 3 முதல் 5 மி.மீ.

வால்வுகளையும் இந்த அழுத்தமே இயக்குகிறது. வெண்ட்ரிக்கிளின் உட்சுவரில் உள்ள பாப்பில்லரி தசைகள் இழுத்து வால்வைத் திறக்கின்றன என்று எழுதுவது தவறு. ஆரிக்கிளில் அழுத்தம் கூடினால், ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையில் உள்ள மூவிதழ் (வலது), ஈரிதழ் (இடது) வால்வுகள் தாமாகத் திறக்கும். வெண்ட்ரிக்கிளில் கூடினால் மூடிக்கொள்ளும். காற்றில் குடை மறுபக்கம் திரும்பிக்கொள்வதுபோல இதழ்கள் ஆரிக்கிளுக்குள் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பதே பாப்பில்லரி தசைக்கும் அதிலிருந்து இதழுக்குச் செல்லும் நாண்களுக்கும் உள்ள வேலை. வெண்ட்ரிக்கிள்களிலிருந்து தமனிகள் தொடங்கும் இடத்தில் உள்ள அரைச்சந்திர வால்வுகளுக்கு நாண்களே கிடையாது, படத்தில் சேர்த்துவிடாதீர்கள். 'லப்' என்ற முதல் ஒலி மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடும்போதும், 'டப்' அரைச்சந்திர வால்வுகள் மூடும்போதும் எழுகின்றன. வால்வு திறக்கும் ஒலி என்று எழுதினால் பிழை.

வலப்பக்கம் முதலில், இடப்பக்கம் பிறகு துடிப்பதாக நினைப்பவர்களும் உண்டு. இரு ஆரிக்கிள்களும் ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்கும். அதன்பின் இரு வெண்ட்ரிக்கிள்களும் ஒன்றாகச் சுருங்கும்.

ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். ஆனால் கறிக்கடையில் மேலே உள்ள குழாய்களை நறுக்கிவிட்டுத் தருவது வழக்கம். பெருந்தமனி (இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து வெளிவரும் பெரிய குழாய்) இரண்டு மூன்று செ.மீ. நீளமாவது இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கையில் வந்ததும் நடுவில் இரண்டாகப் பிளக்காதீர்கள், வால்வுகள் கிழிந்துபோகும். உறைந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு, விரல்களால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியான பக்கம் இடது. பெருந்தமனியை மேல்நோக்கிப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றினால் அங்குள்ள அரைச்சந்திர வால்வின் மூன்று இதழ்களும் விரிந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

பிறகு பெருந்தமனியை நீளவாக்கில் கீறுங்கள். இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் தெரியும். ஈர்க்குச்சியை மெதுவாக நுழைத்தால் அது இதயத்தின் மேற்பரப்பை ஒட்டிப் போகும். இவைதான் கரோனரி தமனிகளின் தொடக்கம். அறைகள் நிறைய ரத்தம் இருந்தாலும், தடித்த இதயத் தசைக்கு வேண்டியது இந்தத் துளைகள் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் கிளைகள் நசுங்குவதால், அதற்கான ரத்தத்தில் பெரும்பங்கு இதயம் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு மிக வேகமானால் முதலில் குறைவது அந்தத் தளர்வு நேரம்தான்.