முட்டி ஜவ்வில் அடியா? மடக்குவதற்கு முன் நீட்டுங்கள்

முழங்கால் திருகி ஜவ்வில் அடிபட்டவர்கள் ‘எப்போது மடக்கலாம்’ என்றுதான் கேட்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது கால் முழுதாக நீள்கிறதா என்பதை. முட்டியில் நீர் கோத்ததும் முன்தொடைத் தசையை இயக்கும் நரம்புத் தூண்டல் மங்கிவிடும், தசையும் சீக்கிரமே மெலியும். அறுவை தேவையில்லை, பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் துண்டைத் தரையோடு அழுத்தி, 5 விநாடி பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. முட்டிச்சில்லுக்கு மேலே, உட்பக்கத் தசையில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள்: தசை கல்லாக இறுக வேண்டும், சில்லு தொடைப் பக்கம் நகர வேண்டும். பலர் பிட்டத்தை இறுக்கி, மூச்சையும் அடக்கிக்கொண்டு ‘செய்துவிட்டேன்’ என்பார்கள். சில்லு இம்மியும் அசைந்திருக்காது. நல்ல காலில் ஒருமுறை செய்து பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

இதமாக இருக்கிறதென்று முட்டிக்கடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். கால் மடங்கியபடியே இறுகிப்போகும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியை அந்தரத்தில் 5 முதல் 10 நிமிடம் விடுங்கள்.

அடுத்தது கால் தூக்கல். மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி ஊன்றுங்கள். அடிபட்ட காலை முதலில் விறைப்பாக்கி, பிறகு ஒரு அடி உயரம் தூக்கி, 3 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். தூக்கும்போது முட்டி சற்றே தொய்ந்தால் தசை இன்னும் தயாராகவில்லை. துண்டுப் பயிற்சிக்கே திரும்புங்கள்.

மடக்கப் பழக, குதிகாலுக்கடியில் பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு, வழவழப்பான தரையில் பிட்டத்தை நோக்கி இழுங்கள். இறுக்கம் தெரியலாம், சுருக்கென்று குத்தக் கூடாது.

நொண்டாமல் நடக்க வந்த பிறகுதான் படி. அடிபட்ட காலைப் படியில் ஊன்றி ஏறி இறங்குங்கள்; 10 முதல் 15 செ.மீ. உயரம் போதும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் பலன்; மூன்று எண்ணி இறங்குங்கள். கண்ணாடி முன் நின்று, முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாம் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கீழே நிற்கும் கால் உந்திக் கொடுத்தால் அது ஏமாற்று.

தினமும் காலையில் டெய்லர் டேப்பால் முட்டிச்சில்லின் நடுவே சுற்றளவு எடுங்கள். முந்தைய நாளைவிட 1 செ.மீ. கூடினால், அன்றைக்குப் பாதி எண்ணிக்கைதான்.

முட்டி பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ அன்றே போக வேண்டும். ரத்தக் கட்டியாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். சம்மணமும் குந்தி உட்காரும் கழிப்பறையும் கடைசியில்தான், அதுவும் பிசியோதெரபிஸ்ட் சரி என்ற பிறகு.