பதிப்பு மாறியபின் மந்தமான ஒரு வினவல்
போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 11-ஆம் பதிப்பிலிருந்து 12-க்கு மாறிய மறுநாள், எட்டு நொடிகளில் முடிந்துகொண்டிருந்த மாதாந்திர அறிக்கையின் வினவல் (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளை) நான்கு நிமிடமாகியும் முடியவில்லை. அப்போதெல்லாம் பதிப்பு மாற்றத்தில் அட்டவணைப் புள்ளிவிவரங்கள் உடன் வருவதில்லை என்பதால், முதலில் அவற்றை மீண்டும் திரட்டும் 'அனலைஸ்' கட்டளையை ஓட்டினேன்; மற்ற வினவல்கள் சீராயின, இது மட்டும் அசையவில்லை. வினவல் எந்தெந்தப் படிகளில் ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' கட்டளை தந்த செயல்திட்டத்தைப் பழைய சர்வரின் திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் காரணம் புரிந்தது. 11 வரை 'வித்' பகுதியை (வினவலுக்குள் பெயரிட்டு எழுதும் துணை வினவலை) தனியே கணக்கிட்டு வைத்துக்கொண்ட தரவுத்தளம், 2019-இல் வெளிவந்த 12 முதல், தரவை வாசிக்க மட்டுமே செய்யும் அப்பகுதி ஒரேயொரு இடத்தில் பயன்பட்டால், அதை முதன்மை வினவலுக்குள்ளேயே கரைத்துவிடுகிறது. வெளி நிபந்தனைகள் உள்ளே சென்று, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைப் பயன்படுத்த முடிவதால், பெரும்பாலான வினவல்களுக்கு இது மிக நல்ல மாற்றம். என் வினவலிலோ, 'வித்' பகுதியில் இருந்த கூட்டுத்தொகைக் கணக்கு ஒவ்வொரு வாடிக்கையாளர் வரிசைக்கும் மீண்டும் மீண்டும் கணக்கிடப்பட்டது. 'வித்' பகுதியில் வரும் 'ஆஸ்' என்பதற்குப் பின், பழையபடி தனியே கணக்கிட்டு வைக்கச் சொல்லும் 'மெட்டீரியலைஸ்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் அறிக்கை பழையபடி எட்டு நொடிகளில் வந்தது.