ராக் அண்ட் ரோல் வாழ்க்கைப் படங்களை நான் பார்க்கும் முறை

ஒரு பாடகரின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தைப் போடுவதற்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பாடகரின் அசல் பதிவுகளில் மூன்று பாட்டு போதும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேளுங்கள். இதைச் செய்யாமல்தான் நான் பாடகர் ரிச்சி வேலன்ஸின் கதையான ‘லா பம்பா’வை (1987) பார்த்தேன். அப்புறம் பல வருடம் ரிச்சி வேலன்ஸ் என்றாலே என் காதில் லாஸ் லோபோஸ் குழுவின் குரல்தான் ஒலித்தது. திரையில் வாயசைத்தவர் லூ டயமண்ட் பிலிப்ஸ், பாடியது அவர்கள். அருமையாகவே பாடியிருக்கிறார்கள். ஆனால் வேலன்ஸ் சாகும்போது வயது 17. அவர் பாடிய அசல் ‘டோனா’ பாட்டைக் கேட்டால்தான் அது எவ்வளவு சின்னப் பையனின் குரல் என்று நெஞ்சில் இறங்குகிறது.

அதனால் எந்தப் படமானாலும் பாடுவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘தி பட்டி ஹாலி ஸ்டோரி’யில் (1978) பாடகர் ஹாலியாக நடித்த கேரி பியூசி தானே பாடி, கிட்டாரும் வாசித்தார், அதுவும் படப்பிடிப்பிலேயே நேரடியாக. மூச்சு வாங்குவது கேட்கிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்!’ (1989) படத்துக்கு, அந்தக் கதையின் நிஜ நாயகனான பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் தன் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடிக் கொடுத்தார். இளைஞனாக நடிக்கும் டென்னிஸ் குவைடின் வாயிலிருந்து ஐம்பதைத் தாண்டியவரின் குரல் வருகிறது.

‘தி பட்டி ஹாலி ஸ்டோரி’யையும் ‘லா பம்பா’வையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், 1978 படம் முதலில். ஹாலியும் வேலன்ஸும் 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவின் கிளியர் லேக் அருகே ஒரே விமான விபத்தில் இறந்தவர்கள். முதல் படம் அந்த ஊர் மேடையிலேயே நின்றுவிடுகிறது. விமானத்தில் இடம் யாருக்கு என்று காசு சுண்டிப் பார்ப்பது இரண்டாவதில்தான் வருகிறது.

படம் முடிந்ததும், திரையில் வராமல் போனவர்கள் யார் என்று தேடுங்கள். இந்த வேலைக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஹாலி படத்தில் அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவினருக்கு வேறு பெயர்கள். நியூ மெக்சிகோவின் க்ளோவிஸ் ஊரில் ஸ்டுடியோ வைத்து, ஹாலியின் பெரிய வெற்றிப் பாட்டுகளைப் பதிவுசெய்த நார்மன் பெட்டி படத்தில் இல்லவே இல்லை. அந்த ஸ்டுடியோ இல்லாமல் ஹாலியின் கதையை எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, அதே இரவில் 1957இல் அங்கே பதிவான ‘எவ்ரிடே’யைக் கேளுங்கள். டிரம் இருக்காது. கிரிக்கெட்ஸின் டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் தொடையைத் தட்டித் தாளம் போடுகிறார். சின்ன மணிகள் போல ஒலிப்பது செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியம்; வாசிப்பவர் நார்மனின் மனைவி வை பெட்டி. இரண்டு நிமிடப் பாட்டுதான். ஹெட்போனில் கேட்டால் உள்ளங்கை துணியில் படும் சத்தம்கூடத் தெரியும்.