சினைக் கப்பியை அவசரப்பட்டு அடைக்காதீர்கள்

தொட்டியில் வளர்க்கும் கப்பி மீனில், பெண்ணின் வயிற்றுக்கு அடியில், வால் பக்கமாக இருக்கும் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு சதுரமாகத் தெரிந்தால் குட்டி போடும் நேரம் நெருங்கிவிட்டது. சினைக்காலம் சுமார் 4 வாரம்.

பலரும் உடனே தாயைச் சின்ன பிரீடிங் பாக்ஸில் (குட்டி போடுவதற்கான தனிப் பெட்டி) அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பாவம், பயந்துபோய் முதிராத குட்டிகளையே போட்டுவிடலாம். அதற்குப் பதில் தொட்டியில் ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியை அடர்த்தியாகப் போடுங்கள். பெரிய மீன்கள், தாய் உட்பட, குட்டிகளைத் தின்னும். ஒளிய இடமிருந்தால் பல குட்டிகள் தப்பிவிடும். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். மாற்றும்போது கால்வாசி போதும், குளோரின் நீக்கியதாக இருக்க வேண்டும்.

அப்புறம், ஆண் மீனைப் பிரித்தாலும் பெண் கப்பி விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும். இன்னொரு தொட்டியைத் தயாராக வைத்திருங்கள்.