கெமிஸ்ட்ரி படிக்க இரண்டு இடம் கிடைத்தால் எல்லோரும் செய்யும் தவறுகள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூன் கடைசி வரைக்கும் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மேடம், பொண்ணுக்கு இந்தக் காலேஜ்லயும் சீட் வந்திருக்கு, அந்த யுனிவர்சிட்டிலயும் வந்திருக்கு, எதுல சேர்க்கலாம்?" பதினாறு வருஷமாக பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பிள்ளைகளோடு லேபில் நிற்கிறேன், அதனால் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: இரண்டு லேபுக்குள்ளும் போய்ப் பார்த்தீர்களா? பார்த்தோம் என்று சொன்ன பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடுதியைப் பார்த்திருப்பார்கள், பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்திருப்பார்கள், பக்கத்து வீட்டு அண்ணன் எங்கே படித்தார் என்றுகூடக் கேட்டிருப்பார்கள். பிள்ளை மூன்று வருஷம் நின்று கைவேலை பழகப்போகிற மேசையை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் ரேங்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உயர்கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியல் 2016 முதல் வருகிறது. அதில் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியல், கல்லூரிகளுக்கு வேறு பட்டியல், ஒட்டுமொத்தமாக இன்னொரு பட்டியல். சென்னை மாநிலக் கல்லூரி 2022-லும் 2023-லும் கல்லூரிப் பட்டியலில் 3-ஆம் இடத்தில் இருந்தது. அந்த எண்ணை ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகப் பட்டியலில் வாங்கிய எண்ணோடு வைத்து எது பெரியது என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, ஆனால் வருஷா வருஷம் அதைத்தான் செய்கிறோம். வேதியியலுக்கென்று அதில் தனிப் பட்டியல் கிடையாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தருகிற கிரேடும் நிறுவனம் முழுவதற்கும் கொடுப்பதுதான். ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய கல்லூரியில் வணிகவியல் துறை பிரமாதமாகவும் கெமிஸ்ட்ரி துறை சுமாராகவும் இருக்கலாம். துறையைப் பற்றி ஏதாவது ஆதாரம் வேண்டுமென்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் இந்தத் துறைக்குப் பணம் வந்திருக்கிறதா, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் நிதி வந்திருக்கிறதா. முன்னது இளங்கலை லேபுகளை மேம்படுத்துவதற்கென்றே 2008-ல் தொடங்கிய திட்டம். பணம் வந்த துறை எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் துறையில் யாரோ உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி, நேர்காணலுக்குப் போய், வாங்கி வந்திருக்கிறார்கள் என்பதாவது தெரியும்.

பல்கலைக்கழகத்தின் பெயர் என்பதும் குழப்பமான சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம்தான். பாடத்திட்டமும் தேர்வும் மட்டும் கல்லூரியுடையவை. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பாடமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். ஆகவே "அந்த யுனிவர்சிட்டி நல்ல யுனிவர்சிட்டி" என்று சேர்க்கிறவர்கள், பிள்ளை உட்காரப்போவது அதன் வளாகத்துத் துறையிலா அல்லது அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஓர் இணைப்புக் கல்லூரியிலா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய பெரிய பேராசிரியர்கள் இருப்பார்கள், உண்மைதான், ஆனால் பல வளாகங்களில் எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும்தான் நடக்கும்.

சரி, லேபுக்கு வருவோம். அட்மிஷன் சமயத்தில் துறைத் தலைவரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். விடாத இடத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போனதும் எடை பார்க்கும் தராசு எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். பி.எஸ்சி.யில் கிராவிமெட்ரி என்று ஒரு செய்முறை வரும், ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டுக் கண்டுபிடிப்பது. நிக்கல் கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்தால் செக்கச் செவேலென்று வீழ்படிவு விழும், அதைக் குரூசிபிளில் வடிகட்டி, உலர்த்தி, ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும் வரைக்கும் மறுபடி மறுபடி நிறுக்க வேண்டும், நான்கு தசம இடம் வரைக்கும். நாற்பது பேருக்கு இரண்டு தராசு இருந்தால் என்ன ஆகும்? ஒரு பிள்ளை ஒரு தடவை நிறுக்கும், அடுத்த தடவைக்கு வரிசையில் நின்று நேரம் முடிந்துபோகும், கடைசியில் சீனியரின் ரெக்கார்ட் நோட்டிலிருந்து ஒரு எண்ணை எடுத்து எழுதும். இது சோம்பேறித்தனம் கிடையாது, வேறு வழியில்லாமல் செய்வது. ஆனால் மூன்று வருஷம் இப்படி எழுதிப் பழகிய கைக்கு, தன் ரீடிங் தப்பாக வந்தால் ஏன் தப்பு என்று தேடும் குணமே வராமல் போய்விடுகிறது, அந்தக் குணம்தான் இந்தப் படிப்பில் கிடைக்க வேண்டிய முக்கியமான சொத்து.

அப்புறம் டைட்ரேஷனை, அதாவது அளவுக் குழாயான பியூரெட்டிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்க்கும் செய்முறையை, தனித்தனியாகச் செய்கிறார்களா, நான்கு பேர் சேர்ந்து ஒரு பியூரெட்டா என்று கேளுங்கள். நான்கு பேர் என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் எழுதுவார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிற இருவரும் எப்போதும் அதே இருவராக இருப்பார்கள்.

நச்சுப் புகையை வெளியேற்றும் பெட்டியான ஃப்யூம் ஹூடின் சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சால்ட் அனாலிசிஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அடர் நைட்ரிக் அமிலம் வரும், ஆர்கானிக் லேபில் புரோமின் வரும். காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடாமல், அந்தப் பெட்டிக்குள் பழைய பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தால் அந்தத் துறை தன் பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும். கண் கழுவும் குழாய், அவசரத்துக்குக் குளிக்கும் ஷவர், தீயணைப்பான், பிள்ளைகள் முகத்தில் கண்ணாடி. இவற்றைப் பார்க்க கெமிஸ்ட்ரி தெரிந்திருக்க வேண்டியதில்லை, எந்த அம்மாவும் பார்க்கலாம்.

கருவிகள் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரப் புத்தகத்தில் எஃப்டிஐஆர், எச்பிஎல்சி, யுவி ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவிகள் எல்லாம் படத்தோடு இருக்கும். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள், பொய்யும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது, பி.எஸ்சி. பிள்ளைகள் எந்த செமஸ்டரில் இதைத் தொடுவார்கள் என்று. கருவிக்குப் பக்கத்தில் லாக் புக் என்று ஒரு நோட்டு இருக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை சாம்பிள் ஓட்டினார்கள் என்று எழுதி வைப்பது. அதைப் புரட்டிப் பாருங்கள், கடைசித் தேதி என்ன என்று. நான் படித்த இடத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் மூன்று வருஷமும் துணி போர்த்தி இருந்தது, வாரா வாரம் அதைத் தாண்டிப் போனோம். முதல் வேலைக்காக ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இன்டர்வியூ போனபோது, பிளாங்க், அதாவது சோதிக்க வேண்டிய பொருள் கலக்காத வெறும் கரைசல், எதற்கு வைக்கிறோம் என்று கேட்டார்கள். புத்தகத்தில் படித்தது வாயில் வந்தது, கையில் செய்த அனுபவம் இல்லை என்பது எதிரே இருந்தவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் முதல் வருஷப் பிள்ளைகளை செப்டம்பருக்குள் ஒரு தடவையாவது யுவி கருவி முன்னால் உட்கார வைத்துவிடுவேன், காரணம் அதுதான்.

அடுத்த தவறு எல்லோரும் சின்னதென்று நினைப்பது, ஆனால் பின்னால் பெரிய கதவுகளை மூடிவிடும்: முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிற அலைடு என்னும் துணைப் பாடம். இப்போது பல இடங்களில் எலெக்டிவ் என்று பெயர் மாறியிருக்கிறது. ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரியோடு கணிதமும் இயற்பியலும் வரும், இன்னொன்றில் விலங்கியலும் உயிர்வேதியியலும் வரும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் படித்த பிள்ளைகள் கணிதத்துக்குப் பயந்து இரண்டாவது கல்லூரியை எடுத்துவிடுவார்கள். மூன்றாம் வருஷம், ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வு எழுத ஆசை வரும். அதன் கெமிஸ்ட்ரி பாடத்திட்டத்திலேயே வகைக்கெழுச் சமன்பாடு, அணி, வெக்டர், நிகழ்தகவு எல்லாம் இருக்கிறது. அதோடு எம்.எஸ்சி.க்குப் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிற இடங்களும் உண்டு. குவாண்டம் கெமிஸ்ட்ரியும் வெப்ப இயக்கவியலும் கணிதம் இல்லாமல் வெறும் மனப்பாடமாகிவிடும். மருந்துத் துறைக்கோ உயிர்வேதியியல் பக்கமோ போகத் தெளிவாக முடிவெடுத்த பிள்ளைக்கு விலங்கியல் அலைடு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. பயத்தில் எடுக்காதீர்கள் என்கிறேன். கணிதம் படிக்காமல் வந்து முதல் வருஷம் அழுதுகொண்டே அலைடு மேத்ஸ் பாஸ் பண்ணி, பிறகு ஜாமில் நல்ல ரேங்க் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டிகிரியின் பெயரையும் பாருங்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று ஓரிடத்தில், அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி, அல்லது இன்னும் நீளமான புதுப் பெயர் ஒன்று இன்னோர் இடத்தில். படிப்பு நன்றாகவே இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியத்திலோ டிஎன்பிஎஸ்சியிலோ கெமிஸ்ட்ரி டிகிரி கேட்கும்போது, இந்தப் பெயர் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்பார்கள். "இந்தப் பட்டத்துக்கு ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. எண் என்ன?" என்று சேரும்போதே கேளுங்கள். எண்ணும் தேதியும் சொல்ல முடிந்தால் சரி, "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் வராது" என்று மட்டும் சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஒரே கல்லூரிக்குள்ளேயே இரண்டு கல்லூரி இருப்பதும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. கட்டணம் வேறு, பல இடங்களில் ஆசிரியர்களும் வேறு, நேரமும் வேறு. கல்லூரியின் பேரைக் கேட்டு சுயநிதிப் பிரிவில் சேர்ப்பதற்குள், அங்கே பாடம் எடுப்பவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறுகிற துறையில் எவ்வளவு நல்ல லேப் இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் நிலைக்காது. அதே சமயம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவர்களில் பலர் பி.எச்டி. முடித்து, விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் பாஸ் பண்ணி, குறைந்த சம்பளத்தில் பல வருஷமாக அதே துறையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிளேஸ்மென்ட் சதவீதத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது கல்லூரி மொத்தத்துக்கும் போட்ட கணக்கு. அதில் பெரும்பகுதி எந்த டிகிரி படித்தவரையும் எடுக்கிற மென்பொருள், கால் சென்டர் வேலைகளாக இருக்கலாம். போன வருஷம் முடித்த கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர் எம்.எஸ்சி. போனார்கள், எங்கே போனார்கள், எத்தனை பேர் லேப் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கல்லூரி வாசலில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் இருவரிடம் பேசுவது. அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

மூன்று வருஷ பி.எஸ்சி.யா ஐந்து வருஷப் படிப்பா என்பது வேறு மாதிரியான தேர்வு. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களில், நமக்குப் பக்கமென்றால் திருவனந்தபுரமும் திருப்பதியும், ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி. இடம் கிடைத்து, ஆராய்ச்சியில் உண்மையான விருப்பமும் இருந்தால் தயங்காமல் போகச் சொல்வேன், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வீட்டில் மூன்று வருஷத்தில் சம்பாத்தியம் வேண்டும் என்ற நிலை இருந்தால், எந்த ஐந்து வருஷப் படிப்பானாலும் நடுவில் வெளியே வந்தால் என்ன பட்டம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி. இதைச் சேர்ந்த பிறகு கேட்ட ஒரு பையன் நான்காம் வருஷம் அப்பா தவறிப்போய்த் தவித்ததை நான் மறக்கவே மாட்டேன்.

ஊரும் கணக்கில் வர வேண்டும், ஆனால் சென்னையா சொந்த ஊரா என்கிற அளவில் நின்றுவிடக் கூடாது. காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தில் அணுசக்தி ஆராய்ச்சி மையம். இந்த மாதிரி இடங்களுக்குக் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பழக்கம் உள்ள துறை, சின்ன ஊரில் இருந்தாலும் பெரிய வாய்ப்பு. இன்னொன்று, தினம் போகவர மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற பிள்ளை மாலை லேபில் கூடுதலாக அரை மணி நேரம் நிற்க முடியாது, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டேதான் டைட்ரேட் பண்ணும்.

கடைசியாகப் பணமும் சான்றிதழும். ஓரிடத்தில் சேர்ந்து, இன்னோர் இடத்தின் பட்டியலுக்குக் காத்திருப்பவர்கள் ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்க அலைகிறார்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் அறிவிப்பே கொடுத்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கட்டணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் ஒரு சிறு தொகை போக முழுப் பணமும், பிறகு நாள் போகப் போக 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசித் தேதி முடிந்து முப்பது நாளுக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. யுஜிசி சில ஆண்டுகளில் இதைவிடச் சாதகமாகத் தனித் தேதி அறிவிப்பதும் உண்டு, அதனால் அந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். விலகுவதாக முடிவு செய்தால் போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், கடிதமாக எழுதி, தேதி போட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.